இரண்டு விரற்கடை

“கடிங்கக்கா,” என்றாள் டாக்டர் ஜெனிட்டா. மாரீஸ்வரி கடித்தாள். “இப்ப இடதுபக்கமா தேய்ங்க. வலதுபக்கமா.” தேய்த்தாள். மேல்வரிசைப் பல்லின்மேல் தொப்பி மாதிரி கவிழ்த்திருந்த கண்ணாடி நிறப் பிளேட்டுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் நீலத்தாள் ஒன்று சரசரத்தது. எம்பிராய்டரிக்குப் பூ இறக்குவதற்கு அவள் வைத்திருக்கிற கார்பன் தாளுக்குத் தம்பி. டாக்டர் பிளேட்டை வெளியே எடுத்து, நீலம் அப்பியிருந்த இடங்களைக் குட்டி மெஷினால் ராவினாள். ஙொய்யென்று சத்தம், பிளாஸ்டிக் பொசுங்குகிற வாடை. மறுபடி மாட்டினாள், மறுபடி தாள், மறுபடி கடிங்கக்கா. எல்லாப் பல்லும் ஒன்றுபோலத் தொடுகிறவரைக்கும் இப்படித்தானாம். நல்லது, நிதானமாகச் செய்யட்டும், பன்னிரண்டு மணிவரை செய்யட்டும். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். “ராகு காலத்துல பல்ல முடிச்சிருவோம், பன்னெண்டுக்கு மேல பட்டு எடுத்துருவோம்” என்று மதினி காலையில் வந்து இறங்கும்போதே திட்டம் போட்டுவிட்டாள். மதினி என்றால் புருசனுடைய அக்கா, சாத்தூர் ராமலட்சுமி. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், நாற்காலியில் கையகலப் பர்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் சீனிராஜ், பைக் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டு. அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஐம்பது வயசு ஆளுக்குத் தோள் இரண்டும் இறங்கிப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஆகிவிடும். அவுக பட்டு எடுக்கப் போகிறது என் மகளுக்கு. என் மகளுக்கு முகூர்த்தப் பட்டு, என் மகள் கேட்காத பட்டு. மாரீஸ்வரி கடித்தாள். “அய்யோ, இவ்வளவு பலமா வேண்டாம்க்கா,” என்று டாக்டர் அவள் கன்னத்தைத் தொட்டாள். “கல்லு மாதிரி இருக்கு இந்தச் சதை. விடுங்க, விடுங்க, தொங்க விடுங்க.”

தொங்க விடு. இதுவரைக்கும் யாராவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா? பல்லைக் கடித்துக்கொள் என்றுதான் சொன்னார்கள். பிரசவத்தில் நர்ஸ் சொன்னாள், தீப்பெட்டி ஆபீஸை மூடியதால் வேலையில்லாமல் சீனிராஜ் எட்டு மாசம் வீட்டில் இருந்தபோது அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டாள், மதினி வந்து பதினைந்து நாள் தங்கிக் குழம்பில் குற்றம் பார்க்கும்போதெல்லாம் சீனிராஜ் சொன்னார்: அக்கா நாளைக்குப் போயிருவா, கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ. கடித்தாள். ஒழுங்காக, உண்மையாக, சொன்ன பேச்சுக் கேட்டு, தூக்கத்திலும் கடித்தாள். இரண்டு வருசத்துக்கு முன்னால் வீட்டில் எலி வந்துவிட்டது என்று சீனிராஜ் ஒரு பொறி வாங்கிவந்து கருவாடு வைத்தார். எலி விழவில்லை, நறநறவென்ற சத்தம் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் மகள் சுகப்பிரியாதான் கண்டுபிடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அப்பா, அது எலி இல்ல, அம்மா.” எல்லாரும் சிரித்தார்கள், மாரீஸ்வரியும் சிரித்தாள். சிரிக்கும்போது இடது காதுக்கு முன்னால் டக் என்றது. அதற்குப் பிறகு சாப்பிட்டால் டக், கொட்டாவி விட்டால் டக், காலையில் எழுந்தால் கன்னப்பொறி இரண்டும் ராத்திரி முழுக்க அம்மி அரைத்த கை மாதிரி வலி. கோவில்பட்டியில் இருந்துகொண்டு கடலைமிட்டாய் கடிக்க முடியாமல் போனவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். போன வாரம் ரோஸ் நிறத்தில் மாவு மாதிரி ஒன்றை வாய்க்குள் வைத்து அமுக்கி அச்சு எடுத்தார்களே, குமட்டிக் குமட்டிக் கண்ணில் தண்ணீர் வந்ததே, அந்த அச்சில் வார்த்த வெள்ளைப் பல்வரிசையை இன்றைக்கு டாக்டர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். யாரோ கிழவியின் பல் என்றுதான் முதலில் நினைத்தாள். கடைவாய்ப்பல்லெல்லாம் மேடே இல்லாமல், தேய்ந்த படிக்கட்டு மாதிரி. முன்பல்லில் மட்டும் நடுவில் ஒரு சின்னப் பள்ளம். டாக்டர் அதைத் தொட்டு, “தையல் வேலையாக்கா? நூலைப் பல்லால அறுப்பீங்களோ?” என்றாள். மாரீஸ்வரிக்குத் திகைப்பாகிவிட்டது. இருபத்திரண்டு வருசமாக இந்த ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறாள். அவள் உடம்பைப் பார்த்து அவள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்ட முதல் ஆள் இந்தப் பொண்ணு.

“மேல இன்னும் ஒரு இடம் தட்டுது,” என்று டாக்டர் மறுபடி ராவப் போனாள். வாய் காலியானது. காலியான வாயை எவ்வளவு திறக்கலாம் என்று மாரீஸ்வரிக்கு இப்போதும் பயம்தான். பயம் என்றால், மாடிப்படியில் ஒருமுறை உருண்டவளுக்கு மாடிப்படி மேல் இருக்கிற பயம். மூன்று வாரமாயிற்று, கண்ணை மூடினால் அந்த ஞாயிற்றுக்கிழமை. மதினி சாத்தூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் கூட்டிக்கொண்டு, சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தோம் என்று வந்தாள். சும்மா பார்க்க வந்தவர்கள் கையில் வெற்றிலை பாக்கு, பழம், சீனி, ஒரு சேலை என்று ஏழு தட்டு. தன் மகன் கார்த்தீஸ்வரனுக்கு, தம்பியின் மகள் சுகப்பிரியாவைக் கேட்டு, கேட்காமலே முடிவு செய்து, கொண்டுவந்த தட்டு. கார்த்தீஸ்வரன் கெட்டவன் இல்லை, டைல்ஸ் கடையில் வேலை, சிகரெட்கூடக் கிடையாது. உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுவான், அதைப் பார்த்து அவன் அம்மா, ராசா கோவக்காரன் என்று சிரிப்பாள், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானிலேயே ஒருத்தியின் ஆயுசு போய்விடும் என்று மாரீஸ்வரிக்குத் தெரியும். தவிர, அதெல்லாம் எதற்கு? சுகாவுக்கு வேண்டாம். பார்மசி கடைசி வருசம் படிக்கிறவள், முந்தின நாள் சனிக்கிழமையே மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள். “அம்மா, அத்தை பேசுறதப் பாத்தா நாளைக்கே முடிச்சிருவாங்க போலிருக்கு. எனக்கு வேண்டாம்மா. நான் சொன்னா சின்னப்புள்ளம்பாங்க. நீ சொல்லு.” “நான் சொல்லுதேன்,” என்றாள் மாரீஸ்வரி. வாக்கு. அடுத்த நாள் அத்தனை பேர் நடுவில் மதினி கேட்டாள்: “என்ன மாரி, ஒனக்குச் சம்மதம்தான?” மாரீஸ்வரி எழுந்து நின்றாள். அதெல்லாம் நடக்காது மதினி என்று சொல்லத்தான் எழுந்தாள், ராத்திரி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியம். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று வாயை அகலத் திறந்து, முதல் எழுத்தை எடுத்தாள். டக் என்றது. அப்படியே நின்றுவிட்டது. வாய் திறந்தது திறந்தபடி, கீழ்த்தாடை முன்னால் வந்து, மூட வரவில்லை. “ஆ...” என்று வந்தது, அடுத்த எழுத்து வரவில்லை. “ஆ... ஆ...” மதினி இரண்டு கையையும் தட்டினாள். “ஆமான்னுட்டா! எல்லாரும் கேட்டீகள்ல, ஆமான்னுட்டா!”

இந்த இடத்தில்தான் அவள் நினைப்பு மூன்று வாரமாக மாட்டிக்கொண்டு நிற்கிறது, ஊசியில் நூல் சுற்றிக்கொண்ட மெஷின் மாதிரி, முன்னாலும் ஓடாமல் பின்னாலும் வராமல். மதினிக்கு நிஜமாகவே ஆமா என்று கேட்டதா? கேட்டிருக்கலாம், கூட்டத்தில் சத்தம் இருந்தது. ஆனால் மதினி முகத்துக்கு நேராகத்தானே நின்றாள். எச்சில் ஒழுகிச் சேலையில் விழுந்ததைப் பார்த்தாளே. கண்ணில் தண்ணீர் வந்ததை ஆனந்தக் கண்ணீர் என்றாளே. கையை இப்படி இப்படி ஆட்டினேனே, வேண்டாம் வேண்டாம் என்று, அதுவும் ஆமாவா? யாரோ ஒரு கிழவர், காத்துக்கருப்பா இருக்கும், எலுமிச்சம்பழம் கொண்டாங்க என்றார். சீனிராஜ்தான் முதலில் புரிந்துகொண்டு, ஒரு துண்டை முகத்தைச் சுற்றிக் கட்டி, பைக்கில் உட்காரவைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். டியூட்டி டாக்டர் கட்டைவிரல் இரண்டிலும் துணியைச் சுற்றிக் கடைவாய்ப்பல்மேல் வைத்து, கீழே ஓர் அமுக்கு, பின்னால் ஒரு தள்ளு. உலகமே இடிந்த மாதிரி ஒரு சத்தம் தலைக்குள். மூடிக்கொண்டது. தாடையோடு தலையைச் சுற்றிக் கட்டுப்போட்டு வீட்டுக்கு வந்தால், பெண் வீட்டுக்கு யாரோ ஒரு சித்தப்பாவை உட்காரவைத்துத் தட்டு மாற்றியாகிவிட்டது. யாரும் காத்திருக்கவில்லை. நல்ல நேரம் முடிந்துவிடுமாம். சுகா எழுந்து எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், பொண்ணுக அப்படித்தான் வெக்கப்படும் என்று சிரித்திருக்கிறார்கள். பின்பக்கம் துவைகல்லில் உட்கார்ந்திருந்த சுகா, கட்டுப்போட்ட அம்மாவை ஏறிட்டுப் பார்த்து, “ஒன்னால முடியலன்னா பரவால்லம்மா,” என்றாள். திட்டியிருக்கலாம். பரவால்லம்மா என்று சொன்னாளே, அதுதான் தாடையைவிட வலித்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள், போனவர்கள் எல்லாரும் ஒரே பாட்டு: வாய் கொஞ்சம் அதிகம், அதான் சாமி பூட்டுப் போட்டிருச்சு. இரண்டு வாரம் கஞ்சியும் ரசமும். வாயைத் திறக்கக் கூடாது. அளவு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, கல்யாணம் வேண்டாம் என்று எழுதிச் சீனிராஜ் கையில் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை துவைக்கும்போது அது கூழாக வெளியே வந்தது.

“பேசுனதாலதான் இப்படி ஆச்சுங்காக,” என்றாள் மாரீஸ்வரி. பிளேட்டு வாயில் இல்லாத இந்த அரை நிமிஷத்தில் கேட்டுவிட வேண்டும் என்று அவசரமாகக் கேட்டாள். டாக்டர் மெஷினை நிறுத்தினாள். வயசு முப்பதுகூட இருக்காது, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை, கண்ணுக்குக் கீழே தூக்கம் இல்லாத கருப்பு. “யாருக்கா சொன்னது?”

“எல்லாரும்.”

“பேசுறவங்களுக்கெல்லாம் வரும்னா இந்த ஊர்ல வக்கீல், வாத்தியார் எல்லாரும் என்ட்டதான் வரணும். உங்க பல்லைப் பாத்தீங்கள்ல? அது கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சோறு மெல்லும்போது தொட்டாப் போதும், மத்த நேரம் தொடவே வேண்டாம். உதடு மூடியிருக்கலாம், பல்லு விலகி இருக்கணும். உங்களுக்கு ராத்திரியெல்லாம் அதுக்கு வேலை. சதை அசந்துபோச்சு, மூட்டும் தளர்ந்து இருக்கு, அன்னைக்கு ஒரேயடியா அகலமாத் திறந்ததும் வழுக்கிருச்சு.” பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “இந்த ஸ்பிளிண்ட் மந்திரத் தகடு இல்லக்கா. ராத்திரி கடிக்கிற கடியை இது வாங்கிக்கும், பல்லு தப்பிக்கும், சதைக்கு ஓய்வு. கூடவே நான் சொல்லிக்குடுத்த பயிற்சியும் வேணும், வெந்நீர் ஒத்தடமும் வேணும். ரெண்டு மாசம் பாப்போம்.”

“வாயைத் திறக்கலாமா?”

“இவ்வளவு.” டாக்டர் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துக் காட்டினாள். “ரெண்டு வெரக்கடை. அதுக்கு மேல கொஞ்ச நாளைக்கு வேண்டாம். கொட்டாவி வந்தா தாடைக்கு அடியில, நாடியில, கையக் குடுத்துக்கோங்க. கத்தக் கூடாது. பேசலாம், தாராளமாப் பேசலாம். இது உள்ள இருக்கும்போது மொத நாலஞ்சு நாள் நாக்கு கொழறும். சானா எல்லாம் ஷானா ஆகும். கூச்சப்படாம வீட்டுல சத்தமா பேப்பர் படிங்க, பழகிரும். இன்னைக்கு ரெண்டு மணி நேரம் போட்டே இருங்க, எங்கயாவது உறுத்துதான்னு தெரியணும்.”

மறுபடி மாட்டினாள். பிளேட்டு இந்தத் தடவை எங்கேயும் இடிக்காமல், சரியாக வெட்டின ஜாக்கெட் கை அக்குள் குழியில் பொருந்துகிற மாதிரி, கொளக் என்று உட்கார்ந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு எதையோ எழுதப் போனாள். மாரீஸ்வரி சாய்ந்த நாற்காலியில் தனியாக, மேலே எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டு, இரண்டு விரலைச் சேர்த்துப் பற்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தாள். இவ்வளவு போதுமா? ஒரு கல்யாணத்தை நிறுத்த இவ்வளவு வாசல் போதுமா? மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், சம்மதமில்ல. ஷம்மதமில்ல என்று வந்தது, பல் போன குழந்தை மாதிரி. மதினி சிரிப்பாள். சரி, அந்த வார்த்தை வேண்டாம். நடக்காது? நடுவில் அகலம் கேட்கிறது, அன்றைக்கு முதல் எழுத்திலேயே கழுத்தை அறுத்த அகலம். முடியாது. முடியாது என்றால் என்னால் முடியாது என்று ஆகிவிடும், உடம்புக்கு முடியவில்லையாம் என்று ஆகிவிடும், இவர்கள் எதையும் எதுவாகவும் ஆக்குவார்கள். வேண்டாம். வேண்டாம், வேண்டாம். அது வந்தது. நாக்கு மடங்கி மேலண்ணத்தில் தொடுகிற இடத்தில் பிளேட்டு இல்லை, வார்த்தை வழுக்காமல் வந்து உதட்டில் மூடிக்கொண்டது. இவ்வளவுதானா? இவ்வளவு சின்ன வார்த்தையா? இதற்கா நான் அன்றைக்கு எழுந்து நின்று, மூச்சை இழுத்து, மேடையில் பேசுகிற மாதிரி வாயைப் பிளந்தேன்? திரும்ப மாட்டிக்கொண்டால்? மாட்டட்டும். மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் கட்டைவிரல், அமுக்கினால் மூடிக்கொள்ளும். அதற்கு மேல் என்ன செய்துவிடும் இந்தத் தாடை? இரண்டு வாரம் கஞ்சி குடித்தவளுக்கு இன்னும் இரண்டு வாரம் கஞ்சி. பயத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே சொல்லலாம், பயம் போன பிறகுதான் சொல்ல வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? சுகா காலேஜுக்குப் போயிருக்கிறாள், இன்றைக்குப் பட்டு எடுக்கிறார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது, தெரியவேண்டாம் என்று மதினி சொல்லிவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது, விளக்கு வெளிச்சம்தான் என்று சொல்லிக்கொண்டு இறங்கிச் செருப்பைத் தேடினாள்.

கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் மதினி எழுந்துவிட்டாள். “முடிஞ்சுதா? மணி பன்னெண்டு அஞ்சு. வா வா, கடையில கூட்டம் ஏறுறதுக்குள்ள போயிருவோம். அரக்குல ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். ஜாக்கெட்டு நீயே தச்சிரு, வெளிய குடுக்க வேண்டாம்.” சீனிராஜும் எழுந்தார். எதிர் பெஞ்சில் கன்னம் வீங்கிய பெரியவர் ஒருவர் தலையைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டோக்கன் கொடுக்கிற பெண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரி மூச்சை இழுக்கவில்லை. கையை ஆட்டவில்லை. வாயை இரண்டு விரற்கடைக்கு மேல் திறக்கவில்லை.

“மதினி, இந்தக் கல்யாணம் வேண்டாம்.”

மதினியின் முகத்தில் ஒரு திடுக்கிடல் ஓடி மறைந்தது. ஒரு நொடிதான். அதை மாரீஸ்வரி பார்த்துவிட்டாள். அடுத்த நொடி மதினி சிரித்தாள். “என்னமோ சொல்லுதா, வாய்க்குள்ள என்னத்தையோ வச்சுக் கட்டிவிட்டிருக்காக, ஒண்ணும் வெளங்கல. வா, போற வழியில பேசுவோம்.”

ஆக, கேட்டிருக்கிறாள். அன்றைக்கும், அது ஆமா இல்லை என்று தெரிந்தேதான் கைதட்டியிருக்கிறாள். மூன்று வாரமாகச் சிக்கிக் கிடந்த நூல் அறுந்தது மாதிரி இருந்தது மாரீஸ்வரிக்கு. கோபம் வரும் என்று நினைத்தாள். கோபம் வரவில்லை, கால் இரண்டும் தரையில் ஊன்றிக்கொண்டன.

“கல்யாணம் வேண்டாம். என் மகளுக்கு வேண்டாம். எனக்கும் வேண்டாம்.”

“சீனி, அந்தப் பிளாஸ்டிக்க எடுத்துட்டுப் பேசச் சொல்லு. நாக்குக் கொழறுது, என்ன சொல்லுதான்னே தெரியல.”

சீனிராஜ் அக்காவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். “மாரி, அதைக் கழட்டிட்டுத்தான் சொல்லேன்.”

“ரெண்டு மணி நேரம் கழட்டக் கூடாது. இது உள்ளயேதான் இருக்கும். ஷாயங்காலம்...” நாக்கு வழுக்கியது. மதினியின் உதடு சிரிப்புக்குக் கோணியது. மாரீஸ்வரி நிறுத்தவில்லை. “ஷாயங்காலம் ஷாத்தூர் வந்து தட்டைத் திருப்பிக் குடுத்துருதேன். ஏழு தட்டும் அப்படியே இருக்கு.”

“என்னதான் சொல்லுதா இவ?”

“கல்யாணம் வேண்டாங்காகம்மா,” என்றார் மப்ளர் பெரியவர், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, நோவும் எரிச்சலுமாக. “தட்டைத் திருப்பித் தாரேங்காக. பல்வலியோட உக்காந்திருக்கேன், எனக்கே கேக்குது.”

டோக்கன் பெண் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். ராமலட்சுமி பெரியவரை முறைத்தாள், பிறகு தம்பியை. “ஏல சீனி, அஞ்சு வயசுல ஒன்னைய இடுப்புல தூக்கிச் சுமந்தவ நானு. வேன் வச்சு ஆளுகளக் கூட்டிட்டு வந்து தட்டு மாத்தியிருக்கேன். சாத்தூர்ல எனக்கு மூஞ்சி இருக்கா இல்லையா? நீ சொல்லு.” சீனிராஜ் பைக் சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். எப்போதும் சொல்கிறதைச் சொல்லவில்லை, கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ என்று மனைவி பக்கம் திரும்பவில்லை. அதுவே அவரிடமிருந்து வந்த பெரிய விஷயம் என்று அவளுக்குப் பட்டது. மதினி பர்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “என் பிள்ளைக்குப் பொண்ணா கெடைக்காது?” என்று சொல்லி, செருப்புச் சத்தம் படியெங்கும் கேட்க இறங்கிப் போனாள். தெருவில் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்துகிற சத்தம் மேலே வரை வந்தது.

கீழே வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. சீனிராஜ் பைக் பக்கத்தில் நின்று, சாவியைத் துவாரத்தில் நுழைக்காமல், ஸ்பீடோமீட்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அக்கா எனக்கு அம்மா மாதிரி, மாரி.”

“தெரியும்,” என்றாள் அவள். “நான் ஷுகாவுக்கு அம்மா.”

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்பதற்கா, இனி என்னவெல்லாம் வரப்போகிறதோ என்பதற்கா, அவள் ஆராயவில்லை. வரட்டும். சாத்தூரில் கதவைச் சாத்துவார்கள், தட்டை வாசலில் வைத்துவிட்டு வரலாம். அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை வராது. வாயாடி என்பார்கள், குடும்பத்தைப் பிரித்தவள் என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும். பின்னால் ஏறி உட்கார்ந்து முந்தானையைச் செருகிக்கொண்டாள். பல் இரண்டு வரிசையும் ஒன்றையொன்று தொடாமல் இருந்தன. வாய்க்குள் அவ்வளவு இடம் இருந்ததே இதுவரை தெரியாது.

“காலேஜுக்குப் போங்க,” என்றாள். “மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும். அவகிட்ட நான் நேர்ல ஷொல்லணும்.”

சீனிராஜ் கிக்கரை உதைத்தார். வண்டி முதல் உதையில் கிளம்பவில்லை. இரண்டாவது உதையில் கிளம்பியது.